காசோலையின் இரண்டு நாள் தவணை போய்விட்டது!

தாராவி 90 அடி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். அவரிடம் 30 ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார் ஒரு குமாஸ்தா. அவருக்கும் அதே ஊர்ப் பக்கம்தான். மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வாங்கிய பணம் அது. பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வாய்ச் சொல்தான்.

2025 டிசம்பரில் அந்தக் கடனைத் தீர்க்க குமாஸ்தா ஒரு காசோலை எழுதினார். திங்கட்கிழமை இரவு கடைக்கே போய்க் கொடுத்தார். அப்போது அவருடைய கணக்கில் இருந்தது 6 ஆயிரம் ரூபாய்தான். புதன்கிழமை சம்பளம் வரும்.

அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பல ஆண்டுகளாகப் போட்டு வந்த கணக்கைத்தான் அன்றும் போட்டார். “அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை பாங்கியில் போடுவார். அது சுற்றிக்கொண்டு நம் பாங்கிக்கு வர புதன்கிழமை ஆகிவிடும். அதற்குள் சம்பளம் விழுந்துவிடும்.”

கணக்கு தப்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சி காசோலையைப் பாங்கியில் போட்டார். அன்று பிற்பகலிலேயே அது திரும்பிவிட்டது. காரணம்: போதிய பணம் இல்லை.

மாலையில் குமாஸ்தாவின் செல்போன் ஒலித்தது. “என்ன தம்பி, செக்கு திரும்பி வந்துட்டு! இன்னைக்குச் சாயந்தரம் பணம் அனுப்புறேன்னு வாஷி மார்க்கெட்டுல பருப்புக்காரர்கிட்ட சொல்லிட்டேனே. இப்ப அவருகிட்ட நான் என்ன சொல்ல?”

குமாஸ்தாவிடம் பதில் இல்லை. “ஒரே நாளில் எப்படி?” என்ற கேள்விதான் அவர் மனதில் ஓடியது.

அவர் ஒருவருக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல இது. சம்பள நாளை எண்ணிக் காசோலை எழுதும் பழக்கம் உள்ள எவருக்கும் வரக்கூடியது. காசோலை போகும் பாதை மாறிவிட்டது. அந்த மாற்றம் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மூட்டை கட்டிப் போன காலம்

முன்பெல்லாம் காசோலை என்ற காகிதமே ஊர் சுற்றியது. ஒரு பாங்கியில் நீங்கள் போடும் காசோலை வேறு பாங்கியுடையதாக இருக்கும். அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஆள் மூலம் ‘கிளியரிங் ஹவுஸ்’ என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். எல்லாப் பாங்கிகளின் ஆட்களும் அங்கே கூடுவார்கள். “இது உங்களுடையது, இது எங்களுடையது” என்று மாற்றிக்கொள்வார்கள். பிறகு அந்தக் காகிதம் உரிய கிளைக்குப் போகும். அங்கே கையெழுத்தைப் பார்ப்பார்கள், இருப்பைப் பார்ப்பார்கள். அதன் பிறகே பணம்.

1980-களின் பிற்பகுதியில் பெரிய நகரங்களில் இயந்திரம் வந்தது. காசோலையின் அடியில் வெள்ளைப் பட்டையில் எண்கள் இருக்கின்றன அல்லவா? அவை காந்த மையில் அச்சிட்டவை. இயந்திரம் அவற்றைப் படித்துக் காசோலைகளைப் பிரித்துப் போடும். அங்கே உள்ள 9 இலக்க எண்ணில் முதல் மூன்று ஊரைக் குறிக்கும். அடுத்த மூன்று பாங்கி. கடைசி மூன்று கிளை. மும்பை என்றால் 400, சென்னை என்றால் 600. தபால் பின்கோடின் முதல் மூன்று இலக்கங்கள்தான் அவை.

பிரிக்கும் வேலை வேகமாக நடந்தது. ஆனாலும் காகிதம் பயணம் செய்தாக வேண்டியிருந்தது. உள்ளூர்க் காசோலைக்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். திருநெல்வேலிக் காசோலையை மும்பையில் போட்டால் அது தபாலிலோ கூரியரிலோ ஊர் போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரம் காத்திருந்தவர்களும் உண்டு.

அந்தத் தாமதத்தைத்தான் மாதச் சம்பளக்காரர்கள் தவணையாக எடுத்துக்கொண்டார்கள். “இன்று எழுதிக் கொடுப்போம், நாளை மறுநாள் பணம் போட்டுக்கொள்வோம்” என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது.

இப்போது படம்தான் போகிறது

புதிய முறையில் காகிதம் நகர்வதே இல்லை. முதலில் போட்ட பாங்கியிலேயே நின்றுவிடுகிறது. அங்கே அதை ஸ்கேன் செய்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம் படம் எடுக்கிறார்கள். அந்தப் படமும் அடிப்பட்டை எண்களும் கம்ப்யூட்டர் வழியாகப் பணம் கொடுக்க வேண்டிய பாங்கிக்குப் போகின்றன.

இந்த முறை புது டெல்லியில் 2008 பிப்ரவரி 1-ந் தேதி தொடங்கியது. 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது. 2013 ஏப்ரலில் மும்பைக்கு வந்தது. பின்னர் நாட்டின் எல்லாப் பாங்கிக் கிளைகளும் 2021 செப்டம்பர் 30-ந் தேதிக்குள் இதில் சேர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. தேசிய பணப்பட்டுவாடா கழகம் இதை நடத்துகிறது.

ஆனால் அப்போதும் ஒரு தாமதம் இருந்தது. நாள் முழுவதும் வந்த படங்களைச் சேர்த்து மொத்தமாக அனுப்பினார்கள். கிளியரிங் முடிய மறுநாள் ஆகும். நம் குமாஸ்தா நம்பியிருந்தது இந்த ஒரு நாளைத்தான்.

2025 அக்டோபர் 4-ந் தேதி, சனிக்கிழமை, அதுவும் போயிற்று. அன்று முதல் காசோலைப் படங்களைச் சேர்த்து வைப்பதில்லை. காலையிலிருந்து பிற்பகல் வரை, ஸ்கேன் செய்யச் செய்ய உடனுக்குடன் அனுப்புகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய பாங்கி அன்று மாலை 7 மணிக்குள் “சரி” அல்லது “இல்லை” என்று சொல்லியாக வேண்டும். எதுவும் சொல்லாமல் இருந்தால்? “சரி” என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும்!

பாங்கிகளுக்குள் மணிக்கு ஒரு முறை கணக்குத் தீர்க்கிறார்கள். தீர்த்த ஒரு மணி நேரத்துக்குள், காசோலை போட்டவரின் கணக்கில் பணம் சேர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

இதைவிட வேகமான இரண்டாம் கட்டமும் அறிவிக்கப்பட்டது. 3 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது அது. 2026 ஜனவரி 3-ந் தேதி தொடங்குவதாக இருந்தது. பாங்கிகளுக்கு அவகாசம் தர ரிசர்வ் பாங்கி அதைத் தள்ளிவைத்தது. எப்படியும் பாதை வேகத்தை நோக்கித்தான் போகிறது.

ஒருவர் இழந்தது, இன்னொருவர் பெற்றது

இதனால் யாருக்கு லாபம்? காசோலையை வாங்குபவருக்குத்தான்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி கொடுப்பது காசோலை. பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு வாரக் கூலி. வெள்ளிக்கிழமை காசோலை கிடைத்தால் முன்பு பணம் கைக்கு வர திங்கட்கிழமை ஆகிவிடும். சனிக்கிழமை கூலிக்கு முதலாளி வட்டிக்கு வாங்குவார். அல்லது “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். இப்போது வெள்ளிக்கிழமை காலையில் போட்ட காசோலைக்கு அன்று மாலையே பணம் வந்துவிடலாம். சனிக்கிழமை அடுப்பு எரியும்.

ஊரில் நிலம் விற்ற பணம், இன்சூரன்ஸ் பணம் என்று காசோலை வாங்கி வருபவர்களுக்கும் நிம்மதி. திருநெல்வேலிக் கிளைக் காசோலையை செம்பூரில் போட்டாலும் ஒன்றுதான். படத்துக்கு ஊர் தூரம் கிடையாது.

அதே சமயம் காசோலை கொடுப்பவருக்கு இருந்த தவணை போய்விட்டது. குமாஸ்தா இழந்த அந்த இரண்டு நாள், அண்ணாச்சி பெற்ற இரண்டு நாள். முன்பு அந்த இரண்டு நாளும் பணத்துக்காகக் காத்திருந்தது அண்ணாச்சிதான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே முதல் பாடம் இதுதான்: கணக்கில் பணம் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாள் தேதியைப் போட்டு, வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன் பாங்கி பணம் கொடுக்காது. ஆனால் அந்தத் தேதி காலையிலேயே அது பாங்கிக்கு வரலாம் என்பதை மறக்கக் கூடாது.

கொடுத்த காசோலையை நிறுத்த வேண்டும் என்றாலும் அப்படித்தான். “நாளை போய் எழுதிக் கொடுக்கலாம்” என்று இருந்தால் காசோலை முந்திவிடும். அது பாங்கிக்குப் போகும் முன்பே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கணக்கிலிருந்து தானாகக் கழியும் தவணைகள் 2021 ஆகஸ்டு 1 முதல் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும்கூட எடுக்கப்படுகின்றன. “நாளை லீவுதானே” என்று இருந்துவிடக் கூடாது.

படம் தெளிவாக இருக்க வேண்டும்

பணம் கொடுக்கும் பாங்கிக்காரர் உங்கள் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. திரையில் படத்தைத்தான் பார்க்கிறார். எனவே படத்தில் எது தெரியாதோ அது இல்லாததற்குச் சமம்.

கருப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான மையில் எழுதுங்கள். வெளிறிய மையும் வண்ண மையும் வேண்டாம். தேதி, பெயர், தொகை, கையெழுத்து ஆகியவற்றின் மேல் ரப்பர் ஸ்டாம்பு விழக் கூடாது. அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதக் கூடாது. மடிப்பதும் பின் குத்துவதும் கூடாது.

அடித்தல் திருத்தல் செய்து பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடும் பழைய பழக்கம் இனி செல்லாது. பெயரிலோ தொகையிலோ தப்பு நேர்ந்தால் அந்தத் தாளை ரத்து செய்துவிட்டு வேறு தாள் எழுத வேண்டும். தேதியை மட்டும், காலாவதியைப் புதுப்பிப்பதற்காகத் திருத்த இடம் உண்டு. காசோலையின் ஆயுள் முன்பு 6 மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் அது 3 மாதம்தான்.

வெளிச்சத்தில் காசோலையைத் தூக்கிப் பாருங்கள். ‘சி.டி.எஸ். இந்தியா’ என்ற எழுத்துகள் காகிதத்துக்குள்ளேயே நீரோட்டமாகத் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் ‘இது செல்லாது’ என்று காட்டிக்கொடுக்கும் மறைவான அச்சும் அதில் இருக்கிறது. இவை இல்லாத மிகப் பழைய காசோலைப் புத்தகம் பெட்டியில் கிடந்தால் அதை நம்பி யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். பாங்கியில் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துச் சிக்கல் வேறு இருக்கிறது. மும்பைக்கு வந்த புதிதில் கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்து ஒன்று. பதினைந்து வருடத்துக்குப் பிறகு இன்று போடும் கையெழுத்து வேறொன்று. பழைய காலத்தில் கிளையில் இருந்தவருக்கு ஆளைத் தெரியும். “நம்ம ஆள்தான்” என்று விட்டுவிடுவார். இப்போது படத்தைப் பார்ப்பவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கலாம். அவருக்குத் தெரிந்தது மாதிரிக் கையெழுத்து மட்டும்தான். கையெழுத்து மாறியிருந்தால் கிளைக்குப் போய்ப் புதிய மாதிரி கொடுத்துவிடுவது நல்லது. தமிழில் கையெழுத்துப் போடுபவர்கள் தயங்க வேண்டாம். மாதிரியும் தமிழில் இருந்தால் போதும்.

50 ஆயிரத்துக்கு மேல் போனால்...

பெரிய தொகைக்குக் காசோலை கொடுப்பவர்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ‘பாசிட்டிவ் பே’ என்று பெயர். 50 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் எழுதும்போது, யார் பெயருக்கு, எவ்வளவு, என்ன தேதி என்ற விவரங்களை உங்கள் பாங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். செல்போன் மூலமே தெரிவிக்கலாம். காசோலைப் படம் வரும்போது பாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இடையில் யாராவது தொகையைத் திருத்தியிருந்தால் பிடிபட்டுவிடும்.

இது வாடிக்கையாளரின் விருப்பம்தான். ஆனால் 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கிக்கொள்ள பாங்கிகளுக்கு அனுமதி உண்டு. வீட்டு டெபாசிட், கல்யாண மண்டபம் என்று பெரிய காசோலை எழுதுபவர்கள் தங்கள் பாங்கியில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பணம் இருந்தும் காசோலை திரும்பும்.

திரும்பினால் என்ன ஆகும்?

முதல் அடி கட்டணம். காசோலை கொடுத்தவரின் பாங்கி கட்டணம் பிடிக்கும். போட்டவரின் பாங்கியும் பிடிப்பது உண்டு.

அடுத்தது சட்டம். 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1989 முதல் அமலில் உள்ளது. கடனுக்கோ பாக்கிக்கோ கொடுத்த காசோலை பணம் இல்லாமல் திரும்பினால் அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

ஆனால் திரும்பிய உடனே யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள், பணம் வர வேண்டியவர் எழுத்து மூலம் நோட்டீசு அனுப்ப வேண்டும். நோட்டீசு கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. கொடுக்காவிட்டால்தான் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக முடியும். அதனால் நோட்டீசு வந்தால் பயந்து வாங்காமல் இருப்பதோ, வீடு மாறுவதோ கூடாது. அந்த 15 நாள் உங்களுக்காகச் சட்டம் கொடுத்த அவகாசம்.

பணம் வராவிட்டால்...

புதிய முறை தொடங்கிய 2025 அக்டோபரில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. காசோலை போட்டுப் பல நாள் ஆகியும் பணம் வரவில்லை என்று பல வாடிக்கையாளர்கள் குறை கூறினார்கள். அப்படி நேர்ந்தால் கையில் அத்தாட்சி வேண்டும்.

பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று தெரியாது. அன்றைய நேரம் கடந்திருந்தால் அடுத்த வேலை நாள்தான். அவசரக் காசோலை என்றால் காலையிலேயே கவுண்டரில் கொடுத்து, சலானில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். “பெட்டியில்தான் போட வேண்டும்” என்று சொல்ல எந்தக் கிளைக்கும் உரிமை இல்லை. கவுண்டரில் கேட்டால் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

உரிய நாளில் பணம் வராவிட்டால் முதலில் உங்கள் பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் பாங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

“நாணயம் திரும்பி வர நாளாகும்”

குமாஸ்தா மறுநாள் புதன்கிழமை என்ன செய்தார்? சம்பளம் கணக்கில் விழுந்ததும் ஆபீசில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு பாங்கிக்கு ஓடினார். 30 ஆயிரம் ரூபாயை ரொக்கமாக எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனார். அண்ணாச்சிக்குப் பிடித்த பாங்கிக் கட்டணத்தையும் சேர்த்து வைத்தார்.

அண்ணாச்சி பணத்தை எண்ணி வாங்கிக் கல்லாவில் வைத்தார். கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பணம் வந்துட்டு தம்பி. அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. நேத்து வாஷியில நான் தலை குனிஞ்சு நின்னேன் பாரு, அதுதான். பணம் ஒரே நாள்ல திரும்பி வந்துரும். நாணயம் திரும்பி வர நாளாகும்.”

பிறகு பாங்கியிலிருந்து திரும்பி வந்த காசோலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நோட்டீசு இல்லை, வக்கீல் இல்லை. ஊர்க்காரர்களுக்குள் விஷயம் அதோடு முடிந்தது.

குமாஸ்தா அந்தக் காசோலையைக் கிழித்துப் போடவில்லை. பாஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். அதன் பிறகு காசோலை எழுதும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. முதலில் கணக்கில் உள்ள இருப்பைப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறக்கிறார்.